புளித்த முதல் பாகம்

அக்டோபர் பிறந்ததும்
புத்தக வண்டியின் அடுக்குகளைக் காலி செய்வேன்.
கோடையில் ஓடியவை எல்லாம் கீழே இறங்கும்:
இன்னும் மணல் உதிரும் காதல் கதைகள்,
மதியத் தூக்கத்துக்குள் பிடிபட்டுவிடும் கொலைகாரர்கள்,
ஒரு கையில் ஐஸ்கிரீமோடு புரட்டத் தோதானவை.

கூதிருக்கு வேறு கணக்கு.
எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்;
மாதக் கடைசியில் ஐந்து மணிக்கே
வெளிச்சம் கடையைச் சாத்திவிடும் ஹீயுமா தீவில்.
கதைக்குள் ஓர் அடுப்பாவது எரிய வேண்டும்.
மழை பெய்யலாம், மூன்று அத்தியாயத்துக்கு மேல் கூடாது.
மழை எங்களிடமே இருக்கிறது.

விர்வேவுக்குக் கடல் வராத கதை.
காரணம் கேட்டதில்லை.
அவள் வீட்டு ஜன்னல்கள் மூன்றும் காட்டைப் பார்த்தவை.
த்ரீனுவுக்கு ஒன்பது வயது. ஓநாய் வேண்டும்,
அது கடைசியில் திருந்தக் கூடாது.
பேருந்து ஓட்டும் ஹெய்னோ கேட்பது கவிதை,
அட்டையில் கவிதை என்று போடாததாகப் பார்த்து.
ஒருமுறை டிராக்டர் கையேட்டின் உறையைப் போட்டுக் கொடுத்தேன்.
அது திரும்பி வரவே இல்லை.
நானும் அபராதம் எழுதவில்லை.

கால்யோ
படியேறும் முன்பே விரல்களை அகட்டிக் காட்டினான், போன வருடம்.
"இவ்வளவு தடிமன். கெட்டி அட்டை."
கூரை வேய்பவன்.
பள்ளிக்கூடம் விட்டபின் எதையும் படித்ததாக ஊரில் பேச்சில்லை.
என்ன மாதிரிக் கதை என்றேன்.
"கனமான மாதிரி."

ஒரு குடும்பம், நாலு தலைமுறை, ஆற்றோரம் ஒரு மாவு மில்,
எண்ணூற்றுப் பத்துப் பக்கம்.
முதல் பாகத்தை வாங்கி
மீன் வாங்குபவன்போல உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தான்.
"போதும்."

ஆறு வாரம் கழித்து வந்தது.
பையைப் பிரித்ததும் வண்டி முழுக்கப் புளிப்பு.
கோஸ் ஊறும் பீப்பாயின் மூடிமேல் வைக்கிற கல்
முந்தின பனியில் வெடித்துவிட்டதாம்.
கல்லுக்குப் பதில் என் நாவல்.
"பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் வைத்தேன்" என்றான்
தன் பூட்ஸைப் பார்த்தபடி.
பின்னட்டையில் வட்டமாய் உப்புத் தடம்.
ஓரங்கள் உப்பிப்போய் மூட மறுத்தன.

விட்டேனா.
கால்யோ, இது கல் விளையும் தீவு!
உருளைக்கிழங்கு தோண்டினால் கல்,
பிணத்துக்குத் தோண்டினால் கல்,
உனக்கு மட்டும் ஒன்று அகப்படவில்லையா?

"அகப்பட்டது, மறுநாளே."

பிறகு?

"மாற்றி வைக்க எடுத்தேன். திறந்துகொண்டது."

மழை வண்டிக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.
அவன் இறங்கவும் இல்லை, நகரவும் இல்லை.
கடைசியில், ஈரத் தொப்பியைப் பிழிந்துகொண்டே,
"அந்த மில்லை இளையவன் விற்றுவிடுவானா?"

இரண்டாம் பாகம் கடலுக்கு அந்தப் பக்கம்,
பெருநகர நூலகத்தில்.
காற்று, மூன்று நாளாகக் கப்பல் இல்லை என்றேன்.
எனக்குத் தெரியும், விற்பானா மாட்டானா என்று.
சொல்லவில்லை.
சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்,
பத்தடி போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

சேதப் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்தபோது
ஐந்நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில்
ஒரு சீமைச் சீரகம் ஒட்டியிருந்தது.
பீப்பாயருகே நின்றபடியே படித்திருக்கிறான்,
பெஞ்சுகூட இல்லாத கொட்டகையில்.
நகத்தால் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.
பதிவேட்டை மூடிவிட்டேன்.

அடுத்த நிறுத்தத்தில்
விர்வே ஏறியதும் மூக்கை உறிஞ்சினாள்.
"யார் வீட்டுக் கோஸ்? சீரகம் கொஞ்சம் தூக்கல்."
நாற்றம் வந்த இடத்தைக் கண்டுபிடித்து
இருக்கைக்கு அடியிலிருந்து அதை இழுத்து,
உப்பிய முனைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து,
"இதில் கடல் வருமா?" என்றாள்.

ஆறுதான், விர்வே.
ஆறு ஒன்று ஓடுகிறது.

சற்று யோசித்தாள்.
"எந்தப் பக்கம் ஓடுகிறது?"