மூன்று வெட்டு

மார்ச் மூன்றாம் வாரம், மெய்ன் மாநிலம்.
பனி இளகிய வயல் மறுபடியும் கல் ஈன்றிருக்கிறது,
போன வருஷம் பொறுக்கித் தீர்த்த அதே ஏக்கர்.
ஹெஸ்டர் குயின்பி டிராக்டரை உறுமவிடுகிறாள்,
பின்னால் சறுக்குப் பலகை,
நான் குனிந்து குனிந்து ஏற்றுகிறேன்.
சேறு ஒரு பூட்ஸைக் கேட்டது. கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் தொழுவத்தில் தரை மாற்றும் வேலை.
மேப்பிள் வாளிகளை ஓரங்கட்டி
முதல் பலகையைக் கடப்பாரையால் நெம்பினோம்.
அளந்தாள்: முப்பத்தொரு அங்குலம்.
"இருபத்துநாலுக்கு மேல் பருத்த பைன் எல்லாம்
ராஜாவுக்கு, அவர் கப்பல்களின் பாய்மரத்துக்கு.
வெட்டினால் அபராதம்."
சொல்லிக்கொண்டே பலகையைப் புரட்டினாள்.

அடியில்,
மாட்டு மூத்திரம் ஊறிய கறுப்பில்
கோடரியின் மூன்று வெட்டு.
காக்கைக் கால் போல ஓர் அம்பு.
அரச முத்திரையை மண்ணைப் பார்க்கத் திருப்பி
ஆணி அடித்திருக்கிறான் யாரோ ஒரு குயின்பி,
இரவில் அறுத்து, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவன்.
அவள் சிரித்தாள், தூசிக்குத் தும்மல் வரும்வரை.

நானும் சிரித்தேன்.
பிறகு, அவள் வீட்டுச் சுவரில் சட்டமிட்ட பத்திரத்தின்
ஒரு வரி நினைவு வந்தது:
'ஆளில்லாக் காடு.'

இன்று காலை ஏற்றிய கற்களில்
ஒன்றை நான் ஏற்றவில்லை.
இருபுறமும் செதுக்கிக் கூராக்கியது,
கட்டைவிரல் படிய ஒரு பள்ளம்.
என் கட்டைவிரலும் சரியாகப் படிந்தது.
சட்டைப்பையில் கனக்கிறது.
அவளிடம் எப்போது சொல்வதென்று தெரியவில்லை.

"ராத்திரி மறுபடி உறையும்," என்கிறாள்
வானத்தைப் பார்த்து.
உறைந்தால் நாளைக்குச் சாறு நன்றாக ஓடும்.
கல்லும் இன்னும் மேலே வரும்.