மூன்றாவது திருத்துநர்

உலான்பாத்தரில் மைனஸ் இருபத்தொன்பது.
ஹீட்டர் குழாயின் மேல் என் கையுறைகள் காய்கின்றன.
முதல் திருத்துநர் மூன்று போட்டிருக்கிறார், இரண்டாமவர் ஐந்து.
வித்தியாசம் ஒன்றைத் தாண்டினால்
தாள் என் மேசைக்கு வரும்.
அதுதான் விதி. என் சம்பளமும் அதுதான்.

தலைப்பு: உங்கள் நகரத்தின் குளிர்காலம்.
எழுதியவரின் பெயரை மறைத்திருக்கிறார்கள்,
எண் மட்டும்: நாலு ஏழு ஒன்று ஆறு.

இதற்கு முன் பார்த்த தாளில்
பத்திக்கு இரண்டு ‘மேலும்’,
மூன்று ‘எனவே’, ஓர் ‘இருப்பினும்’.
திருகாணிகளெல்லாம் இறுக முடுக்கியிருந்தன,
பலகையைத்தான் காணோம்.
ஐந்தரை கொடுத்தேன். அளவுகோல் கொடுக்கச் சொன்னது.

இவளிடம்
(எண்ணை எப்போது அவளாக்கினேன்?)
‘மேலும்’ ஒன்றுகூட இல்லை.
புகை என்கிறாள். அடுத்த வரியில் புகைபோக்கி,
பிறகு அடுப்பு, சாம்பல், இருமல்,
துடைக்கத் துடைக்கக் கறுக்கும் ஜன்னல்.
மூக்குக்கயிற்றில் கோத்த ஒட்டகங்களாய்
ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நடக்கின்றன.
‘புகை’ மட்டும் ஒன்பது முறை.
சொல்வளம் குறைவு என்கிறது முதல் குறிப்பு.
இழை அறவில்லை என்கிறது இரண்டாவது.

நடுவில் ஒரு வாக்கியம்:
‘அண்ணன் நிலக்கரி சுமக்கிறான்.’
அதற்குப் பிறகு அண்ணனைக் காணோம்.
தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெற்று.
தொடர்பற்ற சொல், நீக்கலாம் என்று
ஓரத்தில் எழுதியிருக்கிறார் முதலாமவர்.

கடைசி வரி:
‘இந்தக் குளிர்காலம் நான் நிலக்கரி சுமக்கிறான்.’

சிவப்பு வட்டம். எழுவாய்க்குப் பொருந்தாத வினை.
ஆங்கிலத்தில் அது ஒற்றை எழுத்து,
வால் முனையில் நெளிகிற சின்ன எழுத்து.
அவனுக்கு உரியது அவளிடம் இருக்கிறது,
தோளில் நிற்காத அவனுடைய கோட்டு போல.

பாதிப்பேர் செய்கிற பிழைதான், தெரியும்.
அண்ணன் கொரியாவுக்கு வேலைக்குப் போயிருக்கலாம்.
ராணுவத்துக்குப் போயிருக்கலாம்.
எண்ணிடம் போய் என்ன கேட்பது?
தொடர்பைப் பெயர்ச்சொற்களில்
எண்ணிப் பழகிவிட்டோம் நாங்கள்,
இவள் அதை வினையில் வைத்துவிட்டாள்,
பிழையோடு.

நொமுந்துயா கதவைத் தட்டுகிறாள்,
உப்புத் தேநீர் ஆறுகிறதாம்.
வட்டத்தை அழிக்க எனக்கு அனுமதி இல்லை.
கட்டத்தில் ஐந்து எழுதினேன்.
திருகாணிக்காரனைவிட அரை மதிப்பெண் குறைவு,
அதற்கு மேல் அளவுகோலில் வழியில்லை.
காரணம் கேட்கும் இடத்தில்
‘சுமக்கிறான்’ என்று எழுதி
அடிக்கோடிட்டேன், விளக்கவில்லை.

அடுத்த தாள்
‘மேலும்’ என்று தொடங்குகிறது.