பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே

மூன்றாம் முறையாக அர்பெனிக் கூப்பிட்டபோது
கியூம்ரியில் பனி பெய்து ஓய்ந்திருந்தது.
"பெட்டி மறுபடி செத்துவிட்டது" என்றாள்.
சாகவில்லை. அதன் மின்விசிறி இரைவது
தொலைபேசியிலேயே எனக்குக் கேட்டது.
கண்ணை மட்டும் மூடியிருக்கிறது.
பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

சதுரங்க மன்றத்தின் கீழ்த்தளம்.
கறுப்பு எரிமலைக் கல் சுவர், எண்ணெய் ஹீட்டர்,
அதன் மேல் காயும் கையுறை ஒரு ஜோடி.
எப்போதும் நாற்காலியை ஹீட்டரோடு ஒட்டித்தான் போட்டிருப்பாள்,
திரை தூரத்தில், அகன்ற மேசையின் மறுவிளிம்பில்.
வங்கி ஒன்று கழித்துப்போட்ட கணினி.
பக்கவாட்டில் இன்னும் கிளை எண் இருக்கிறது.

அவள் ஆடுவது அஞ்சல் ஆட்டம்.
எதிராளி சிலி நாட்டில், வால்டிவியாவில், ஒரு பல் மருத்துவர்.
ஒரு காய் நகர்த்த ஐந்து நாள் அவகாசம்.
"யானையை எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்,
பட்டென்று இருட்டு.
எட்டிச் சுட்டியை ஆட்டினால் திரை வருகிறது,
யோசனை வருவதில்லை."

முதல் தடவை நான்
திரை அணையும் நேரத்தை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்தேன்.
இரண்டாம் தடவை உறக்கத்தைத் தடுத்தேன்,
மின்திட்டத்தை மாற்றினேன், ஸ்கிரீன் சேவரைத் தூக்கினேன்,
கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர் போட்டேன்.
வெட்கமில்லாமல் காசும் வாங்கினேன்.
இன்று வேறு கேபிள், வேறு பிளக்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரே வழி,
எதையும் தொடாமல் சும்மா இருப்பது.
அவளுக்கு அது சுலபம்.
நான் அவள் நாற்காலிக்குப் பின்னால்
கால் மாற்றி நின்றேன், இருமினேன்,
சுவரில் தொங்கிய கோப்பைகளை எண்ணினேன். பதினொன்று.
அவள் ஆட்காட்டி விரல் மட்டும் முழங்காலின் மேல்
இரண்டு நேரே, ஒன்று குறுக்கே
குதிரையாகப் போய் வந்தது.

பத்தாம் நிமிடம் அணைந்தது.
கண்ணாடிக்குள் இரண்டு முகம்,
ஒன்று அவளுடையது, மற்றது ஓர் அசடு.

"பாருங்கள்" என்று சுட்டிக்குக் கை நீட்டினாள்.
விரல் சுட்டியில் படவே இல்லை.
சாய்ந்தாள், அவ்வளவுதான்.
திரை வந்துவிட்டது.

குனிந்து அதன் அடிவிளிம்பைப் பார்த்தேன்.
கடுகளவு கறுப்புக் கண் ஒன்று.
எதிரே ஆள் இருக்கிறாரா என்று மோப்பம் பிடிப்பது.
இல்லாவிட்டால் வங்கிக்கு மின்சாரம் மிச்சம்.
கணினியின் எந்தப் பட்டியலிலும் இது கிடையாது.
மூன்று மாதமாக நான் வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.
நாற்காலியை இரண்டு சாண் முன்னால் இழுத்திருந்தால்
தீர்ந்திருக்கும்.
குளிர்காலத்தில் அவள் ஏன் இழுப்பாள்?

பொத்தானை அழுத்தினேன்.
பட்டியல் போலிஷ் மொழியில் விரிந்தது.
படம் பார்த்துப் போனேன்: இலை, ஆள், ஆளுக்குக் குறுக்கே கோடு.
கோட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

பிறகு திரை எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.
பத்து, இருபது, முப்பத்தைந்து நிமிடம்.
அறுபத்து நான்கு கட்டமும் கண் கொட்டாமல்
அவளையே பார்த்தன.
அவள் கண்ணைக் கசக்கினாள்.
"இது இனி அணையவே அணையாதா?"

"அதற்குத்தானே வந்தேன்."

"இல்லை..." என்றாள். "அணைந்ததும் சபிப்பேன்.
சபித்துவிட்டு எழுந்து போய்த் தேநீர் போடுவேன்.
கெண்டியில் நீர் கொதிக்கும்போது சில சமயம்
யானையை விட்டுவிட்டு சிப்பாயைப் பார்ப்பேன்.
பத்து நிமிடம் போதாதுதான்.
பன்னிரண்டு வைக்க முடியுமா?"

பார்த்தேன். பத்து இருக்கிறது, பதினைந்து இருக்கிறது.
பன்னிரண்டு இல்லை.

அவள் கையைக் கட்டிக்கொண்டு
ஹீட்டர் பக்கம் சாய்ந்து யோசிக்கத் தொடங்கினாள்.
கடைசி மினிபஸ் ஏழு மணிக்கு.
மாட்டிய கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு
நானும் உட்கார்ந்தேன்.