ஒரு சட்டையைப் பிழிதல்

ரம் புட்டி அது. உள்ளே ரம் இல்லை.
ஜெரெமியில் என் தங்கை கெத்லேன்
ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து,
கொதிநீரில் போட்டு
மிதந்ததை மட்டும் வழித்தெடுத்த
கறுத்த எண்ணெய். எங்கள் பேச்சில் மஸ்க்ரித்தி.
வாயில் சோளத்தக்கை, அதன்மேல் மெழுகு,
அதன்மேல் பிளாஸ்டிக் பை,
அதன்மேல் அவள் நம்பிக்கை.

கொண்டுவந்தவர் தியேசல்.
குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர்; முன்பின் பார்த்ததில்லை.
மொன்றியலில் அன்று மைனஸ் இருபத்துநான்கு.
கதவைத் திறந்ததும்
வணக்கத்துக்கு முன்னால் மன்னிப்பைச் சொன்னார்.

உடைந்துவிட்டதாம்.
விமான நிலையத்தில்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள்
பெட்டியைத் திறந்து
விளக்கெண்ணெயையே பார்த்தார்களாம்.
ஓர் அதிகாரி தன் கையுறையை மோந்தாராம்.
“என்ன இது?”
“தலைக்கு.”
“யார் தலைக்கு?”
இவர் என் முழுப்பெயரையும் சொல்லியிருக்கிறார்.
என் வழுக்கை
கனடா அரசாங்கத்துக்குத் தெரியவந்தது
இப்படித்தான்.

நெற்றியின் இருபுறமும்
விரலகலத்துக்கு முடி போய்விட்டது.
இறுக்கிய பின்னல், மேலே கம்பளித் தொப்பி,
பதினொரு குளிர்காலம்.
மருத்துவர் எழுதித்தந்த களிம்பின் பெயரை
வாசித்து முடிப்பதற்குள்
இன்னும் நாலு உதிரும்.

“நீங்கள் சலவைக்கூடத்தில் வேலை என்றார் தங்கை.
இது போகுமா?”
வெள்ளைச் சட்டை. திங்களன்று
வேலை கேட்டுப் போக வைத்திருந்த ஒரே சட்டை.
பெட்டியில் புட்டியைச் சுற்றியிருந்தது அதுதான்.

போகும்.
மருத்துவமனைத் துணியில் இரத்தம், அயோடின்,
யாரோ கடைசியாகக் குடித்த சூப்பு
எல்லாம் என் கையில் வெளுத்திருக்கின்றன.
கொதிநீரும் சோடாவும் போதும்.
ஆனால் வாங்கிப் பார்த்தேன், கனத்தது.
உலக்கை பிடித்த கெத்லேனின் தோள்வலியைச்
சாக்கடையில் எப்படி ஊற்றுவது?

“அந்தக் கையைப் பிடியுங்கள்” என்றேன்.
ஒரு கை அவரிடம், ஒரு கை என்னிடம்.
அவர் இடமாக, நான் வலமாக முறுக்க
நடுவில் வயிறு ஒட்டி
கயிறானது சட்டை.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு சொட்டு, யோசித்து யோசித்து.
கஞ்சிக் கிண்ணத்தில் கால்வாசி தேறியது.
கூடவே ஒரு பொத்தான்.

உடம்பெல்லாம் எண்ணெய் பூசி உருண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள்.
இந்த ஊரில் எங்களுக்கு ஒட்டியது உப்பு.
பனி உருகத் தெருவெல்லாம் இறைக்கிறார்களே, அது.
செருப்பில், கால்சட்டை விளிம்பில்,
வெள்ளை வெள்ளையாக.

இருட்டிய ஜன்னலைக் கண்ணாடியாக்கி
நெற்றியோரம் தேய்த்துக்கொண்டேன்.
புகைவாசம் வீடெங்கும்.
ஒரு பெண் தலையில் எண்ணெய் வைப்பதை
எங்கே பார்க்காமல் இருப்பது என்று தெரியாமல்
அவர் என் குளிர்பெட்டியைப் பார்த்தார்.
“கம்ப்ரஸர் சரியில்லை” என்றார்.
அது எனக்கும் தெரியும்.
அவருடைய விரல்மூட்டுகள்தான் தெரியவில்லை அதுவரை:
வெடித்து, வெடிப்பில் இரத்தம் காய்ந்து.
கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

முடி வளர்ந்ததா என்று கேட்காதீர்கள்.
சட்டை வெளுத்தது.
காலரின் உள்மடிப்பில் மட்டும்
கட்டைவிரல் அளவு விட்டுவைத்தேன்.
அவர் கவனித்தாரோ என்னவோ.

புட்டியோடு ஒரு கடிதமும் இருந்தது,
தாளின் இருபக்கமும் எழுதி.
எண்ணெய் குடித்த தாளுக்கு
ஒளிக்கத் தெரியாது.
விளக்கருகே பிடித்தேன்.
முன்பக்கம்: எல்லோரும் நலம்.
அந்த எழுத்துகளுக்கு உள்ளிருந்து
இடவலம் மாறி
பின்பக்கத்து வரி ஒன்று ஏறிவந்தது.
புயல் கொண்டுபோன கூரையை
இன்னும் போடவில்லையாம்.
நலம் என்ற சொல்லின் வழியாக
வானம் தெரிந்தது.