பத்தோடு பதினொன்று

ஏழாம் நாற்காலி எனக்கு.
அதற்கு ஒரு கால் குட்டை.
மூன்று நாளும் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

லூசியானா, தொண்ணூற்று நான்கு, ஆகஸ்ட்.
நீதிமன்றத்தில் ஏசி பழுது.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தே
பந்தை எறிந்தது யாரென்று சொல்லிவிடுவேன்.
பாதி நாள் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன்.
அது எனக்குத் தெரியும்,
அதுதான் வினை.

பெட்ரோல் பங்க்கில் கொள்ளை,
முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
எரியாத விளக்கு, நாற்பதடி தூரம்.
நடையை வைத்து ஆளைச் சொன்னார்
சாலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்.
எங்களை அழைத்து வருமுன்பே
லூசியன் மெட்டோயரை உட்கார வைத்துவிடுவார்கள்.
நாங்கள் போன பிறகே எழுப்புவார்கள்.
அவன் நடையை
எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

பூட்டிய அறை. பன்னிரண்டு பேருக்கு ஒரு கழிப்பறை.
துண்டுச் சீட்டுகளை எண்ணினார்
இரும்புக்கடை ராபிஷோ.
பத்து. இரண்டு.
"போதும்" என்றார்,
காப்பியில் சர்க்கரை போடுகிறவளைத் தடுப்பதுபோல.
அன்றைக்கு எங்கள் மாநிலத்தில்
பத்தே போதும்.

மீதி இரண்டில் ஒன்று நான்.
இன்னொருத்தி ஓர்லின்,
இறால் உரிக்கும் ஆலைக்காரி,
எத்தனை கழுவினாலும் விரலில் கடல் வாடை.
ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
ராபிஷோ அதற்குள் மணியை அழுத்தியிருந்தார்.

பேசித் தோற்றிருந்தால் ஆறியிருக்கும்.

"பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கலாமே,
எப்படியும் அதே படிக்காசுதானே"
என்றான் என் வீட்டுக்காரன்,
வெண்டைக்காய்க் குழம்பைக் கிண்டியபடி.

இருபத்து நான்கு வருடம் கழித்து ஒரு நவம்பரில்
வரிசையில் நின்று
பன்னிரண்டும் வேண்டும் என்று வாக்களித்தேன்.
லட்சக்கணக்கில் ஒன்று என் 'ஆம்'.
அதை எண்ணினார்கள்.
பன்னிரண்டில் ஒன்று என் 'இல்லை'.

பழைய வழக்குகளுக்குப் பொருந்தாதாம்.

பதிவறைக்குப் போனேன்.
பழுப்பு உறைக்குள்
என் பென்சில் எழுத்து இன்னும் இருந்தது:
குற்றவாளி அல்ல.
நகலுக்கு ஒரு டாலர்.
சிறைக்கு அஞ்சலில் அனுப்பினேன்,
எதற்கென்று தெரியாமலே.

ஏழு வாரம் கழித்துப் பதில்:

'இருவர் என்பது தெரியும், அம்மா.
எந்த இருவர் என்றுதான்
இத்தனை வருடமும்
முகங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.
உங்களை ஒருநாளும் வைத்ததில்லை.
வீட்டுக்குப் போகத் துடிக்கிறவரைப்போல
நீங்கள் ஆடிக்கொண்டே இருந்தீர்கள்.'