இரண்டு அங்குலம்

பயமெல்லாம் இல்லை என்றார் க்ளைவ் பாட்டர்ஸ்பி.
நூற்று எண்பத்திரண்டு என்றது
இரத்த அழுத்தக் கருவி.
இருவரில் யாரை நம்புவதென்று
பதினொரு வருடத்தில் எனக்குத் தெரியும்.

ராக்ஹாம்ப்டனில் காலை ஏழரை.
அதற்குள் வெயில்
கார் நிறுத்துமிடத்தைக் காய்ச்சத் தொடங்கிவிட்டது.
இதே வெயில்தான்,
நாற்பத்தாறு வருடம் இறால் படகில்
தொப்பியில்லாமல் நின்றவரின்
மூக்கோரம் பயறளவில்
ஒரு முத்தைப் பதித்துவிட்டுப் போனது.
பார்க்க அழகாகக்கூட இருக்கும்,
என்னவென்று தெரியாதவர்களுக்கு.

என்னிடம் ஒரு தாள் உண்டு.
ஊசி எறும்பு கடித்த மாதிரி.
பிறகு மரத்துவிடும்.
டாக்டர் மெல்லிசாக ஓர் அடுக்கு எடுப்பார்,
நுண்ணோக்கியில் பார்ப்பார்,
மிச்சமிருந்தால் இன்னொன்று.
நீங்கள் விழித்தே இருக்கலாம்.
ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.
இப்படித் தலையாட்டுகிறவர்கள் காதில்
ஒன்றும் ஏறியிருக்காது.
அவர் பார்த்துக்கொண்டிருந்தது
தட்டில் மடித்து வைத்த
நீலத் துணியை.

தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
துணியா, என்றேன்.

காலுறைக்குள் கட்டைவிரல் மட்டும் அசைந்தது.
பிறகு, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார்:
எண்பத்தொன்பதில், கெப்பல் தீவைத் தாண்டி,
படகு கவிழ்ந்தது.
முகத்தின்மேல் ஈர வலை.
கத்தி இடுப்பில்தான் இருந்தது,
கை போகவில்லை.
எவ்வளவு நேரம்?
"இரண்டு நிமிடம் என்பான் டேரில்.
அவன் வெளியே இருந்தான்."

ஆக, கத்திக்கு இல்லை.
புற்று என்ற சொல்லுக்கும் இல்லை.
ஒரு முழத் துணிக்கு.
என் தாளில்
அப்படியொரு வரியே கிடையாது.

டாக்டர் ஹால்வர்சன் கை கழுவிக்கொண்டிருந்தார்.
சொன்னேன். குழாயை மூடவில்லை.
"நெற்றியோடு நிறுத்திக்கொள்ளலாம்.
விளக்கைச் சாய்த்து வை."
அவ்வளவுதான்.
ஒரு கிளிப், கொஞ்சம் ஒட்டுநாடா.
துணி இரண்டு அங்குலம் விலகியது.

அந்த இரண்டு அங்குலத்தில் ஜன்னல் தெரிந்தது.
ஜன்னலில் எதிர்வீட்டுத் தகரக் கூரை,
கூரையில் ஒரு வெள்ளை அரிவாள் மூக்கன்,
குப்பைத்தொட்டியைக் கிளறிவிட்டு வந்த களைப்பில்.
"அவனைப் பாருங்கள்" என்றார் க்ளைவ்,
ஊசி இறங்கும்போது,
"எவ்வளவு மூக்கு வைத்திருக்கிறான்.
ஓர் அடுக்கு கேட்டால் கொடுக்க மாட்டானா?"

முதல் அடுக்கு.
மூக்கில் கட்டோடு ஐம்பது நிமிடம்.
மிச்சம் இருக்கிறது.

இரண்டாவது.
பத்திரிகையை எடுத்தார், தலைகீழாக.
மிச்சம் இருக்கிறது, கொஞ்சம், ஓரத்தில்.

ஓரம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.
ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்,
விட்டுவிட்டேன். கடல் எப்போது ஏறும் என்று கேட்டேன்.
கைப்பேசியில் இருந்தது எனக்கு. இருந்தாலும் கேட்டேன்.
கண் திறந்தது.
ஒன்று நாற்பதுக்கு.
ஆனால் ஒரே சீராக ஏறாது, பெண்ணே,
முதல் மணியில் சோம்பல்,
நடுவில் பாய்ச்சல்,
கடைசியில் நிற்கிறதா ஏறுகிறதா என்றே
தெரியாது. அப்போதுதான்
புதுப் பையன்கள் அவசரப்பட்டு
நங்கூரத்தை எடுப்பார்கள்.
யெப்பூன் மணல்திட்டுகளை ஒவ்வொன்றாக,
அண்டைவீட்டார்போல் பேர் சொல்லி,
போர்வைமேல் விரலால் வரைந்தார்.
என் விரல்கள் இரண்டு
எப்போது அவர் பிடிக்குள் போயின
என்று எனக்கும் தெரியாது.
கயிறு பிடித்த கை. வலித்தது.
எடுக்கவில்லை.

மூன்றாவது அடுக்கு
இப்போது சுவருக்கு அந்தப் பக்கம்
கண்ணாடித் தகட்டில்.
நான் எதுவும் கேட்கவில்லை.
"கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது" என்றார்.
கருவி நூற்று நாற்பத்தொன்று காட்டியது.

தேநீர் வேண்டுமாம். மூன்று சர்க்கரை.
மூக்குக் கட்டு நனையாமலிருக்க
ஒரு உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தேன்.
தேநீரில் குழலா என்று
முகத்தைச் சுளிக்கப் பார்த்தார்.
பாதி முகம் மரத்திருந்ததால்
மறு பாதி மட்டும் சுளித்தது.