ஒருவருக்கு ஒரு மேசை

ஃபுளோரிடா சாலையில் இருக்கும் இத்தாலியக் கடைக்கு
முதலில் நான் போனது சாப்பாட்டுக்காக இல்லை.

சாட்ஸ்வொர்த்தில் எந்தப் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தாலும்
கல்லாவிலிருந்து ஒரு சித்தி எழுந்து வருவாள்.
"என்ன லோகஸ், தனியாவா? தீனா எங்கே?"
பதில் அவளுக்கே தெரியும் என்பதால்
தட்டில் ஒரு சமோசா கூடுதலாக வைப்பாள்.
அந்தச் சமோசாவைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இங்கே லுங்கெலோ கேட்பது ஒன்றே ஒன்று:
எத்தனை பேர்?
ஒருவர் என்றால் ஒருவர்.
எதிர் நாற்காலியை அலுங்காமல் தூக்கிப்போய்
எட்டுப் பேர் சிரிக்கும் மேசையில் சேர்த்துவிடுவான்.
அதற்கே இருபது ராண்ட் அதிகம் வைக்கலாம்.

பிறகுதான் ருசி வந்தது.
விறகடுப்பில் விளிம்பு கருகிய பீட்ஸா.
சுற்றச் சுற்ற நழுவும் ஸ்பகெட்டி
(முதல் மாதம் கத்தியால் வெட்டித்தான் தின்றேன்,
யாரும் பார்க்கவில்லை,
பார்த்தவர்களும் உறவு இல்லை).
ரிசோட்டோ என்றொரு குழைந்த சோறு.
அம்மா இப்படி இறக்கியிருந்தால்
அப்பா தட்டைத் தள்ளியிருப்பார்.
இங்கே இருநூறு ராண்ட் கொடுத்து
நன்றியும் சொல்லிவிட்டு வருகிறோம்.

புரட்டாசி பிறந்தது.
கறி பட்ட சட்டிகளை அலமாரியின் உச்சிக்கு ஏற்றினேன்.
மூன்றாம் சனிக்கிழமை
கத்தரிக்காய் கேட்டேன்.
மெல்லிசாய் அரிந்து, பொரித்து,
தக்காளியும் சீஸும் அடுக்கடுக்காய்,
மேலே இன்னும் குமிழ் விட்டபடி வந்தது.
இரண்டு வாய் போனபின்
லுங்கெலோ குனிந்தான்.
"ஆன்ட்டி, இந்த மாதம் கறி கிடையாது என்றீர்களே.
இந்தப் பார்மெஸானை உறைய வைப்பது
கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது."

மூன்றாவது வாய் முள்கரண்டியிலேயே நின்றது.
பெருமாள் எங்கும் இருப்பார் என்பார்கள்.
சனிக்கிழமை இரவு இந்தச் சாலையில்
வண்டி நிறுத்த இடம் கிடைத்திருக்குமா அவருக்கு?
அன்று நாற்பது ராண்ட் வைத்தேன்.
பதினெட்டு வருடத்தில் தீனாவும் ஒரே ஒரு முறை
எதில் என்ன கலந்திருக்கிறது என்று
குனிந்து சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நானே இறங்கினேன்.
கத்தரிக்காய்க்கு உப்புத் தடவிச் சாய்த்து வைத்தேன்,
கசப்பு இறங்கட்டும்.
கடுகு டப்பாவுக்குக் கை தானாகப் போனது,
கையைத் தட்டிவிட்டேன்.
தக்காளி ஒன்றரை மணி நேரம்
தனக்குள் ஏதோ முணுமுணுத்தபடி வற்றியது.
பேசிலும் துளசியும் பங்காளிகள்தான்,
ஆனாலும் பெருமாளின் மாலையைப் பறித்து
பூண்டோடு போட மனம் வரவில்லை.
பாக்கெட்டில் வாங்கியதையே கிள்ளிப் போட்டேன்.
சீஸுக்குப் பதில்
முந்திரியும் ரொட்டித்தூளும் பொடித்தது.

அடுக்கி முடித்து அவனில் வைக்கப் போக
எட்டு மணி, அட்டவணை தவறாமல்
மின்சாரம் போயிற்று.
போகட்டும்.
கேஸ் அடுப்பில் கனத்த சட்டி,
இறுக்கிய மூடி, சின்னத் தீ.
அடி லேசாய்ப் பிடித்தது, வாசனையாகத்தான் பிடித்தது.
மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்தேன்.
எதிர் நாற்காலியை எடுத்துப்போக
இந்த வீட்டில் யாரும் இல்லை.
அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு
சட்டியிலிருந்தே சாப்பிட்டேன்.

மிச்சத்தை டப்பாவில் அடைத்து
வியாழக்கிழமை லுங்கெலோவிடம் கொடுத்தேன்.
(மூன்று நாள் குளிரில் இருந்தது, ருசி கூடியிருந்தது,
நான் சோதித்துத்தான் கொடுத்தேன்.)
சமையலறைப் பின்வாசலில் நின்றபடி
பரீட்சைத் தாள் திருத்துகிறவன் போல மென்றான்.
"உப்பு சரி.
தக்காளி எங்கள் ஆளைவிட நன்றாக இருக்கிறது,
அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.
ஆனால் ஒன்று குறையுது, ஆன்ட்டி."

எனக்கா தெரியாது?
ஐப்பசிக்கு இன்னும் ஒன்பது நாள்.
அன்றைக்கே ஒரு மேசை எழுதிக்கொள் என்றேன்.
எத்தனை பேர் என்றான், வழக்கம்போல.

ஒருவர்தான்.
ஆனால் அந்த நாற்காலி இருக்கட்டும்,
கால் நீட்ட.